நெதர்கூம் கேட்டில் வண்டி மெதுவாகப் போனதா?

ரயில் மோதல் நடந்த மூன்றாம் நாளே லண்டனிலிருந்து அரசாங்க அதிகாரி கர்னல் ஃபாஸ்பரி வந்து இறங்கிவிட்டார். அவர் வந்தது ஊரை விசாரிக்க. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் ஊர் அவரை விசாரித்து முடித்துவிட்டது. மனைவி கிடையாது, பட்டாளத்தில் பாலம் கட்டியவர், அவித்த முட்டை ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் விடமாட்டார். இவ்வளவும் அவர் தங்கியிருந்த வெள்ளைக் கலைமான் விடுதியிலிருந்து மிஸஸ் வாடில் கொண்டுவந்த செய்தி. அவள் அங்கே துணி வெளுக்கிறவள். ஒருவருடைய படுக்கை விரிப்பைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதது அவரைப் பெற்றவளுக்கே தெரியாது என்பது அவள் எண்ணம்.

ஊரே அறிந்த ஒரு விஷயத்தை மட்டும் கர்னலிடம் யாரும் சொல்லவில்லை. காலை வண்டி நெதர்கூம் கேட்டில் தினமும் மெதுவாகத்தான் போகும்.

அந்தக் கேட்டைத் திறந்து மூடுகிறவள் திர்சா பென்னல். தண்டவாளம் பழுது பார்க்கிற வேலையிலிருந்த அவள் புருஷன் அதே தண்டவாளத்தில் அடிபட்டு இறந்துபோனபோது, கம்பெனி பெரிய மனசு பண்ணி அவளுக்குக் கேட்டடி வீட்டையும், ஒரு பச்சைக் கொடியையும், ஒரு சிவப்புக் கொடியையும் கொடுத்தது. அதோடு கணக்குத் தீர்ந்ததாகக் கம்பெனி நினைத்துக்கொண்டது. திர்சாவும் மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வீடு கிடைத்தவள் வேறென்ன சொல்வாள்?

காலை வண்டியின் டிரைவர் ஆம்ப்ரோஸ் பெக். கேட்டை நெருங்கும்போது நீராவியைக் குறைப்பார். திர்சா துணியில் முடிந்த சூடான அப்பத்தை வைக்கோல் கவையின் நுனியில் மாட்டித் தூக்கிப் பிடிப்பாள். பழம் கிடைக்கும் காலத்தில் உள்ளே ஆப்பிள், மற்ற காலத்தில் பன்றிக்கறியும் வெங்காயமும். ஆம்ப்ரோஸ் கையை நீட்டி எடுத்துக்கொள்வார். பதிலுக்கு எஞ்சினிலிருந்து ஒரு பெரிய கரிக்கட்டி அவள் தோட்டத்தில் வந்து விழும். அந்தப் பாதையில் கேட் காக்கிற எந்தப் பெண்ணும் கரியைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. இதையெல்லாம் திருட்டு என்று சொல்கிற அளவுக்கு அங்கே யாரும் கெட்டுப்போகவில்லை.

நாலு வருஷமாக இப்படி. இத்தனைக்கும் அவர்கள் ஒரு முழு வாக்கியம் பேசிக்கொண்டதில்லை. எஞ்சின் போடுகிற சத்தத்தில் அவர் வாய் அசைவது தெரியும், அவள் தலையாட்டுவாள். அவள் வாய் அசையும், அவர் தொப்பியைத் தொடுவார். அவரை இடுப்புக்கு மேலேதான் அவள் பார்த்திருக்கிறாள். மீதியெல்லாம் இரும்புத் தகட்டுக்குப் பின்னால்.

"அவன் அப்பத்துக்காக மெதுவாப் போறான்டி. ஆம்பிளை வயித்துக்கு நிறுத்துவான், முகத்துக்கு நிறுத்துவானா?" என்பாள் மிஸஸ் வாடில்.

"நான் வேற ஏதாவது சொன்னேனா?" என்பாள் திர்சா.

சொல்லவில்லைதான். ஆனால் காலை வண்டி வருகிற நேரத்துக்கு அவள் ஏப்ரன் மாறுவதையும், மழை நாளில்கூட தலைமுடி கலையாமல் இருப்பதையும் எதிர்வீட்டு ஜன்னல் கவனிக்காமல் இருக்குமா? எதிர்வீடு மிஸஸ் வாடிலுடையது.

மெதுவாகப் போனதால் நாலு வருஷம் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. காலை வண்டிக்குப் பின்னால் மத்தியானம் வரை வேறு வண்டி கிடையாது. அந்த ஆகஸ்ட் மாதம் கடற்கரைக்கு ஒரு சுற்றுலா ஸ்பெஷல் விட்டார்கள். அதுதான் வினை.

அந்தக் கிளைப்பாதைக்கு இன்னும் தந்தி வரவில்லை. கடிகாரம்தான் எல்லாம். ஒரு வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்ததை விடலாம். அதற்குள் முன்வண்டி ஏற்றத்தில் ஏறி அந்தப் பக்கம் போயிருக்கும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. ஏற்றம் ஆரம்பிப்பதே திர்சாவின் கேட்டைத் தாண்டித்தான். கீழே வேகத்தை விட்ட வண்டி மேலே நிறைமாதப் பசுவைப் போலத்தான் ஏறும். ஸ்டேஷன் மாஸ்டர் ஹோப்டே கடிகாரத்தைப் பார்த்து, சரியான நேரத்துக்குத்தான் ஸ்பெஷலை விட்டார். ஏற்றத்தின் வளைவில் திரும்பிய ஸ்பெஷலுக்கு எதிரே காலை வண்டியின் கடைசிப் பெட்டி நின்றது போலத் தெரிந்ததாம். பிரேக் பிடிப்பதற்குள் மோதிவிட்டது.

பலருக்கு எலும்பு முறிந்தது. ஒருவர் இறந்துபோனார். சர்ச்சுகளுக்குப் போய் ஹார்மோனியத்துக்குச் சுருதி சேர்க்கிற வெளியூர்க்காரர். அவருக்கென்று யாரும் வரவில்லை. ஊரே அடக்கம் செய்தது. திர்சா பின்வரிசையில் நின்றாள். எல்லாரும் கலைந்த பிறகும் நின்றாள்.

விசாரணை விடுதியின் மாடி அறையில். ஆண்கள் உள்ளே, பெண்கள் படிக்கட்டில். படிக்கட்டில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும், அது தெரிந்துதான் உட்கார்ந்தார்கள்.

முதலில் ஹோப்டே. பாவம், சட்டைக் காலர் ஈரமாகிவிட்டது. "பத்து நிமிஷம் முழுசா விட்டேன் ஐயா. என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"பிள்ளைங்களை விடுங்க. கடிகாரம் சரியான கடிகாரமா?" என்றார் கர்னல்.

அடுத்து காலை வண்டியின் கார்டு சைலஸ் கோம். வண்டி வழக்கத்துக்கு விரோதமாக மெதுவாகப் போனால் கார்டு இறங்கிப் பின்னால் ஓடிச் சிவப்புக் கொடி காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்டவில்லை. ஆகவே வண்டி மெதுவாகவே போகவில்லை என்று சைலஸுக்கு உறுதியாக ஞாபகம் இருந்தது. அப்பத்தில் தினமும் கால் பங்கு அவனுக்குப் போகும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாவதாக ஆம்ப்ரோஸ் பெக்.

படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்திருந்த திர்சா எழுந்து வழிவிட, அவளைத் தாண்டித்தான் அவர் உள்ளே போனார். கரி இல்லாமல் கழுவிய முகம், காதோரம் நரை, இடது கையில் கட்டு. நாலு வருஷமாக அண்ணாந்து பார்த்த மனிதர் தரையில் அவளைவிட அரை ஜாண் குட்டை. அவள் மனசு ஒரு கணம் ஏமாந்தது உண்மை. அடுத்த கணமே, அவர் பூட்ஸில் ஒரு கயிறு அறுந்து முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். இதை மாற்றிக் கொடுக்க இந்த மனிதருக்கு ஒருவரும் இல்லையா என்று நினைத்தாள். அதோடு குட்டை போன இடம் தெரியவில்லை.

பிறகு அவர் குரலைக் கேட்டாள். எஞ்சின் சத்தம் இல்லாமல், முதல் தடவையாக. தணிந்த, கொஞ்சம் கரகரத்த குரல். அந்தக் குரல் சொன்னது இது:

"நெதர்கூம் கேட்டுல நான் வேகத்தைக் குறைக்கலை ஐயா. எப்பவும் குறைக்கிறதில்லை. அங்க குறைக்க என்ன இருக்கு?"

படிக்கட்டில் மிஸஸ் வாடிலின் முழங்கை திர்சாவின் விலாவில் இடித்தது. "கேட்டியா? என்ன இருக்காம்!"

திர்சாவைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் நின்றாள். ஆம்ப்ரோஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோப்டே அவளை, மூழ்குகிறவன் கரையைப் பார்ப்பது போலப் பார்த்தார். காலை வண்டி குறைக்கவில்லையென்றால், அவர் ஸ்பெஷலைச் சீக்கிரமே விட்டார் என்றுதான் ஆகும்.

"அம்மா, அன்னைக்கு வண்டி உங்க கேட்டைத் தாண்டும்போது எப்படிப் போச்சு?"

"எப்பவும் போற மாதிரிதான் போச்சுங்க ஐயா."

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல பதில். பொய்யும் இல்லை, பிரயோஜனமும் இல்லை." கூட்டத்தில் சிரிப்பு. "எப்பவும் எப்படிப் போகுதுன்னு நானே பார்த்துடறேன். நாளைக் காலையில அதே எஞ்சின், அதே எண்ணிக்கையில பெட்டிங்க, அதே டிரைவர். நான் எஞ்சின்ல ஏறி வரேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க, அவர் அவர் வேலையைப் பார்க்கட்டும்."

அன்று சாயங்காலம் திர்சாவின் வீட்டுக்கு முதலில் வந்தவள் ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி. மிஸஸ் ஹோப்டே வழக்கமாகக் கேட்டோரத்துக்காரிகளிடம் நின்று பேச மாட்டாள். இன்று உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"உன் அப்பத்துக்காக என் புருஷன் ஜெயிலுக்குப் போகணுமா?"

திர்சா கொடிகளைச் சுருட்டி மூலையில் வைத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். வாயில என்ன, கொழுக்கட்டையா?" அவள் குரல் உடைந்தது. "இத பாரு, நாளைக்கு வழக்கம்போல நில்லு. ஆப்பிள் அப்பம் செய், நெய் நிறைய விட்டுச் செய். அந்த வாசனைக்கு அவன் குறைக்காம போகட்டும் பார்க்கலாம்."

அவள் போன சூட்டோடு மிஸஸ் வாடில். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டது போதாமல் மிச்சத்தைக் கேட்க வந்தவள், வேறு யோசனை சொன்னாள்.

"நீ வெளியவே வராதே. கேட்டை மூடிட்டு, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ. ஆள் கண்ணுல படலைன்னா அவன் நேரே போயிடுவான். பிழைச்சுப்பான். ஹோப்டே குடும்பத்துக்குப் பணம் இருக்கு, மச்சான் இருக்கான், வக்கீல் வைப்பாங்க. இவனுக்கு யாரு இருக்கா?"

"செத்துப்போனாரே, அவருக்கு யாரு இருக்கா?" என்றாள் திர்சா.

மிஸஸ் வாடில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ அப்பம் செய்யப் போறியா?"

"இல்லை."

"உள்ள ஒளிஞ்சுக்கப் போறியா?"

"இல்லை. வெளியதான் நிப்பேன். வெறுங்கையோட."

மிஸஸ் வாடில் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தாள். "அடிப்பாவி. அவன் மெதுவாப் போறது அப்பத்துக்கா, உனக்கான்னு தெரிஞ்சாகணுமா?"

"சட்டப்படி நான் கொடியோட நிக்கணும். நிக்கிறேன். அவ்வளவுதான்."

"சட்டமாம்! மெதுவாப் போனா அவன் கம்பி எண்ணணும். போகலைன்னா உனக்கு நெஞ்சு வெடிச்சிடும். எது நடக்கணும்னு வேண்டிக்கப் போறே?"

திர்சா அடுப்பைக் கிளறினாள். அவர் போட்ட கரிதான் எரிந்துகொண்டிருந்தது. "எதையும் வேண்டிக்கலை" என்றாள். அதை நம்ப மிஸஸ் வாடில் என்ன நேற்றுப் பிறந்தவளா?

உண்மையில் திர்சா இரண்டையும் வேண்டிக்கொண்டாள். வண்டி நிற்காமல் போகட்டும், அந்த மனிதர் தப்பட்டும். வண்டி மெதுவாக வரட்டும், ஒரே ஒரு தடவை, எனக்காக. ஆண்டவரே குழம்பியிருப்பார்.

காலையில் ஊர் மொத்தத்துக்கும் கேட்டுப் பக்கம் திடீரென்று வேலை வந்துவிட்டது. வேலியோரம் பசுவைத் தேடுகிறவர்கள், பசுவே இல்லாதவர்கள். ஜெத்ரோ என்கிற வண்டிக்காரன் டர்னிப் கிழங்கு மூட்டைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றான். அவன் ஒருத்தனுக்குத்தான் நிஜமாகவே தாண்ட வேண்டிய அவசரம்.

திர்சா வெளியே வந்தாள். தினப்படி ஏப்ரன்தான், ஆனால் கஞ்சி போட்டது. சுருட்டிய கொடி ஒரு கையில். மற்றக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், கடைசியில் தொங்கவிட்டாள்.

முதலில் புகை, பிறகு சத்தம். நாலு வருஷத்தில் அவளுக்கு அந்த எஞ்சினின் மூச்சு மனப்பாடம். கேட்டுக்கு முன்னால் இருக்கிற பண்ணையைத் தாண்டும்போது மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி விழ ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் அவர் நீராவிக் கைப்பிடியைத் தளர்த்துவார். இன்று பண்ணை வந்தது. மூச்சு தளரவில்லை. அதே வேகம், அதே தடதடப்பு.

சரி, என்று நினைத்தாள் திர்சா. தப்பித்தார். நல்லது.

எஞ்சின் தெரிந்தது. ஆம்ப்ரோஸ் சர்ச்சுச் சுவரில் செதுக்கிய பொம்மை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கர்னல், முகமெல்லாம் கரி, கண் டிரைவரின் கையில். அப்போது, வேலியோரத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள், எஞ்சினின் மூச்சு ஒன்று தவறியது. அடுத்தது தாமதமாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் தாமதமாக.

ஆம்ப்ரோஸ் குனிந்து தன் கையைப் பார்த்தார், யாரோ அந்நியனுடைய கையைப் பார்ப்பது போல. அது கைப்பிடியைப் பாதி மூடியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்பத் திறந்திருக்கலாம். மாடு குறுக்கே வந்ததாகச் சொல்லியிருக்கலாம். சாட்சி சொல்ல வேலியோரத்தில் இல்லாத மாடுகளைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர்!

அவர் தலையைத் திருப்பி, கேட்டடியில் வெறுங்கையோடு நிற்கிறவளைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் மூடினார்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் காலை வண்டி நெதர்கூம் கேட்டில் நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் கர்னல். எஞ்சின் அடங்கிய அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"இங்க தினமும் குறைக்கிறதுதான் ஐயா. நேத்து நான் சொன்னது பொய். ஹோப்டே சரியான நேரத்துக்குத்தான் விட்டார். சைலஸ் எனக்காகச் சொன்னான், அவனைப் பெரிசா எடுத்துக்காதீங்க."

"பழக்கத்துல கை தானா மூடிக்கிச்சா?"

ஆம்ப்ரோஸ் யோசித்தார். "பாதி தானா மூடிச்சு ஐயா. மீதியை நான்தான் மூடினேன்."

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமில்ல? வேலை போகும். ஒரு உயிர் போயிருக்கு, கோர்ட் சும்மா விடாது."

"தெரியும் ஐயா. அந்த மனுஷரைப் பெட்டியிலிருந்து தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்." கட்டுப்போட்ட கையால் தொப்பியைக் கழற்றினார். "ஒரு நிமிஷம் இறங்கிக்கட்டுமா?"

கர்னல் தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எதற்குப் பார்த்தாரோ, மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி டர்னிப் வயலை ரசிக்க ஆரம்பித்தார். அதில் ரசிக்க ஒன்றும் கிடையாது.

ஆம்ப்ரோஸ் இறங்கி வந்து நின்றார்.

"மிஸஸ் பென்னல்."

"மிஸ்டர் பெக்."

நாலு வருஷம் சேர்த்து வைத்த பேச்சு இவ்வளவில் தீர்ந்துவிட்டது போலிருந்தது. மிஸஸ் வாடில் காதை மட்டும் முன்னால் அனுப்பியிருந்தாள்.

"உங்க கதவு பச்சையா?" என்றார் அவர். "மேலேருந்து பார்த்தா எனக்குக் கறுப்பாத் தெரியும்."

"பச்சைதான். அவர் இருந்தப்போ அடிச்சது. நிழல்ல கறுப்பாத் தெரியும்."

"அப்படியா."

"நீங்க நிக்காம போயிருக்கலாம்" என்றாள் திர்சா. சொல்லும்போதே குரல் அவளைக் காட்டிக்கொடுத்தது.

"போயிருக்கலாம். அப்புறம் தினமும் போகணுமே, இந்த வழியா. எப்படிப் போறது?"

"கோர்ட்ல கூப்பிட்டா நானும் வந்து சொல்வேன். கவையைத் தூக்கினது நான். பாதிப் பழி என்னுது."

"வேண்டாம். வீட்டைப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். கர்னல் டர்னிப்புகளை ரசித்து முடித்துத் தொண்டையைச் செருமினார். ஆம்ப்ரோஸ் கையை நீட்டினார். கவையின் நுனியில் அல்லாமல் நேரடியாக அந்தக் கையை அவள் தொட்டது அதுதான் முதல். கட்டுப்போட்ட கை என்பதால் விரல்நுனி மட்டும். கரியைக் கழுவியும் நகக்கண்ணில் போகவில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் அதிக நேரமாகப் பட்டது.

"எவ்வளவு நாள் ஆகுமோ" என்றார் அவர்.

"நான் கேட்டேனா?" என்றாள் அவள்.

அவர் ஏறினார். நீராவி சீறியது, சக்கரங்கள் ஒரு தடவை வழுக்கிப் பிறகு பிடித்தன. சட்டப்படி காட்ட வேண்டிய பச்சைக் கொடியைத் திர்சா காட்டினாள், விரிக்க மறந்து, சுருட்டினபடியே. வண்டி ஏற்றத்தில் மெதுவாக, மிக மெதுவாக ஏறியது. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. வேலியோரக் கூட்டம் இல்லாத பசுக்களை ஓட்டிக்கொண்டு கலைந்தது. மிஸஸ் ஹோப்டே அழுதபடி ஸ்டேஷனுக்கு ஓடினாள். மிஸஸ் வாடில் மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனாள்.

ஜெத்ரோதான் பாக்கி. அவன் குதிரை நிலத்தைக் கிளறியது.

"ஏம்மா, திர்சாம்மா! கேட்டைத் திறக்கிறியா, இல்ல டர்னிப்பு முளைச்சப்புறமா?"

அவள் திரும்பவில்லை. மேட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு ஜெத்ரோ. புகை இன்னும் தெரியுது."